இயந்திரத்துக்கும் இறைப்பு வேண்டும்

சிறு பட்டறைகளுக்கான தொழிற் பாடம்

வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விடும் முறையை எமது கமக்காரருக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் வெள்ளமாக விட்டால் பயிர் அழுகும். மறந்துபோனால் வாடும். வாய்க்காலில் விட்ட தண்ணீர் கடைசிப் பாத்திவரை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காதவர் பாதித் தோட்டத்தைத்தான் இறைத்திருக்கிறார். அளவு, காலம், இடம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இறைப்பு.

இப்பாடத்தில் நாம் கற்கப்போவதும் ஓர் இறைப்பு முறையே. இங்கே தண்ணீருக்குப் பதில் எண்ணெய். பாத்திக்குப் பதில் இரும்போடு இரும்பு உரசும் தடம். சிறு பட்டறையில் மேசைமேல் வைத்து வேலை செய்யும் மில்லிங் இயந்திரத்துக்குக் கையால் இயக்கும் எண்ணெய்ப் பம்பி ஒன்றைப் பொருத்துவது எப்படி என்று பார்ப்போம்.

ஏன் இந்தப் பாடம்?

1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய கமக்காரக் குடும்பங்கள் பல, செம்மண் தோட்டத்தையும் கிணற்றையும் விட்டுவிட்டு, சுன்னாகம், மல்லாகம், மருதனார்மடம் முதலிய அயலூர்களில் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் வாழ நேர்ந்தது. 2009 க்குப் பின்னர் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. எனினும் எல்லாக் காணிகளும் இன்னமும் உரியவர் கைக்கு வந்து சேரவில்லை. தோட்டம் இல்லாத கமக்காரரின் பிள்ளைக்கு ஒரு கைத்தொழில் வேண்டும். அது தோட்டத்தோடு தொடர்புடையதாக இருந்தால் இன்னும் நல்லது.

மருதனார்மடம் சந்தைக்கு வரும் மரக்கறிக்குப் பின்னால் இறைப்பு இயந்திரங்கள் நிற்கின்றன. உழவு இயந்திரங்களும் மருந்து தெளிக்கும் கருவிகளும் நிற்கின்றன. இவை பழுதாகும்போது லேத் மட்டும் இருந்தால் போதாது. லேத்தில் வேலைப்பொருள் சுற்றும், கத்தி நகரும். மில்லிங் இயந்திரத்தில் கத்தி சுற்றும். வேலைப்பொருள் மேசையோடு நகரும். பம்பியின் தண்டில் சாவித் தடம் வெட்டவும், வெப்பத்தால் வளைந்த சிலிண்டர் மூடியின் முகத்தைத் தட்டையாக்கவும், உடைந்த தாங்கிக்குப் பதில் புதிதொன்றை வெட்டி எடுக்கவும் மில்லிங் இயந்திரமே வேண்டும்.

இத்தகைய இயந்திரம் பெரும்பாலும் கடனுக்கு வாங்கப்படுகிறது. அல்லது நாலைந்து இளைஞர் கூட்டாக வாங்குகின்றனர். கடன் முடியுமுன் இயந்திரம் தேய்ந்துவிட்டால் தேய்ந்த இரும்பும் மீதிக் கடனும்தான் கையில் மிஞ்சும். ஒருமுறை எல்லாவற்றையும் விட்டு வந்த குடும்பத்துக்கு இரண்டாவது இழப்பு வரக்கூடாது. இதற்காகவே இந்தப் பாடம்.

இயந்திரம் எங்கே தேய்கிறது?

சிறு மில்லிங் இயந்திரத்தில் மூன்று நகர்வுகள் உண்டு. மேசை இடமும் வலமும் நகரும். மேசையைத் தாங்கும் இடைத்தட்டு (பட்டறையில் இதனைச் 'சடில்' என்பர்) முன்னும் பின்னும் நகரும். கத்தி பூட்டிய தலைப்பகுதி தூணில் மேலும் கீழும் நகரும். இவை ஒவ்வொன்றும் புறாவின் வால்போல விரிந்த வடிவில் வெட்டப்பட்ட தடத்தில் சறுக்குகின்றன. தடத்துக்கும் நகரும் பாகத்துக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சரிசெய்ய 'ஜிப்' எனப்படும் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். ஒவ்வொரு நகர்வையும் ஒரு நீண்ட திருகாணியும் அதன் நட்டும் நடத்துகின்றன.

எமது வேலையில் பெரும்பகுதி மேசையின் நடுவிலேயே நடக்கும். ஆகவே தடமும் திருகாணியும் நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் தேய்கின்றன. இதுதான் தீராத நோய். நடுப்பகுதியின் தளர்வைப் போக்க ஜிப் தகட்டை இறுக்கினால் ஓரத்தில் மேசை இறுகி நின்றுவிடும். ஓரத்துக்கு ஏற்பத் தளர்த்தினால் நடுவில் மேசை ஆடும். ஆடும் மேசையில் வெட்டிய சாவித் தடம் அளவில் நில்லாது. அதன்பின் தடத்தைச் சுரண்டிச் சமன்செய்ய வேண்டும். அது நீண்ட நாள் வேலை, கைதேர்ந்தவருக்கே முடியும்.

எண்ணெய்க் குவளை ஏன் போதாது?

"நாங்கள் காலையில் எண்ணெய் விடுகிறோமே" என்று சிலர் கேட்பர். குவளையால் விடும் எண்ணெய் வெளியே தெரியும் தடத்தில் மட்டுமே விழுகிறது. மேசை நகரும்போது அதன் ஓரம் அந்த எண்ணெயைத் தள்ளிவிடும். உரசல் நடப்பதோ மேசைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அங்கே போய்ச் சேர்வது மிகக் கொஞ்சம். மேலும் வெளித்தடத்து எண்ணெயில் இரும்புச் சீவல்கள் ஒட்டிக்கொண்டு உள்ளே போனால் அரத்தின் வேலையைச் செய்யும். திருகாணியின் நட்டு அடியில் மறைந்திருப்பதால் பல பட்டறைகளில் அதற்கு ஆண்டுக்கணக்காக எண்ணெயே கிடைப்பதில்லை.

எண்ணெய் உள்ளிருந்து வெளியே வரவேண்டும். அப்படி வரும்போது அது சீவலையும் அழுக்கையும் தன்னோடு வெளியே தள்ளும். கைப்பம்பி முறையின் முழுப் பயனும் இதிலேயே தங்கியுள்ளது.

இந்தத் துறையில் மறக்கக்கூடாத பெயர் எலைஜா மக்கோய். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாயிருந்து கனடாவுக்குத் தப்பியோடிய பெற்றோரின் பிள்ளை அவர். ஸ்கொட்லாந்தில் எடின்பரோ நகரில் இயந்திரப் பொறியியல் பயின்றார். மிச்சிக்கன் மாநிலத்துக்கு வந்தபோது, கறுப்பினத்தவர் என்பதால், ரயில் இஞ்சினுக்குக் கரி போடும் வேலையும் எண்ணெய் விடும் வேலையுமே அவருக்குக் கிடைத்தன. ரயிலை நிறுத்தி நிறுத்தி எண்ணெய் விடுவதைக் கண்ட அவர், இஞ்சின் ஓடும்போதே தானாக எண்ணெய் ஊட்டும் கருவியொன்றை அமைத்து 1872 இல் காப்புரிமை பெற்றார். தாழ்ந்தது என்று ஒதுக்கிக் கொடுக்கப்பட்ட வேலையையே அவர் ஆராய்ச்சிக்களமாக ஆக்கிக்கொண்டார். இடம்பெயர்ந்தோர் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டிய வரலாறு இது.

1966 இல் பிரித்தானிய அரசுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட ஜொஸ்ற் அறிக்கை, உராய்வையும் தேய்வையும் ஒழுங்காகக் கவனித்தால் அந்நாட்டுக் கைத்தொழில் ஆண்டுக்கு 51 கோடியே 50 இலட்சம் பவுண் மீதப்படுத்தலாம் என்று மதிப்பிட்டது. பெரிய நாட்டுக்கு அப்படியானால் சிறிய பட்டறைக்கு எப்படி என்று எண்ணிப் பாருங்கள்.

தொகுதியின் உறுப்புகள்

தோட்டத்தை மனதில் வைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

கிணறும் துலாவும்: எண்ணெய்த் தாங்கியோடு கூடிய கைப்பம்பி. சிறு இயந்திரத்துக்கு அரை லீற்றர் கொள்ளும் தாங்கி தாராளம். பிடியை இழுத்து விட்டால் உள்ளிருக்கும் சுருள்வில் எண்ணெயை மெதுவாகத் தள்ளும்.

வாய்க்கால்: பம்பியிலிருந்து வரும் 6 மில்லிமீற்றர் பிரதான குழாயும், அதிலிருந்து பிரியும் 4 மில்லிமீற்றர் கிளைக் குழாய்களும். அசையாத இடத்துக்குச் செப்புக் குழாய் நல்லது. அசையும் இடத்துக்கு நைலோன் குழாய் வேண்டும்.

வாய்க்கால் பிரியும் இடம்: பல துளைகள் கொண்ட பித்தளைப் பிரிகட்டை.

மடை: ஒவ்வொரு கிளையின் முனையிலும் பூட்டும் அளவு முனை. இதுவே மிக முக்கியமானது. மடை கட்டாமல் தண்ணீர் விட்டால் அது பள்ளமான பாத்திக்கே ஓடும்; மேட்டுப் பாத்தி காயும். எண்ணெயும் அப்படியே. தளர்ந்த தடத்தின் வழியாக எல்லாம் ஓடிவிடும். இறுக்கமான தடத்துக்கு ஒன்றும் போகாது. அளவு முனை ஒவ்வொரு கிளைக்கும் உரிய பங்கை மட்டும் விடும். திரும்பி வராமலும் தடுக்கும். செலவைக் குறைக்க எண்ணி இதனை விட்டுவிட வேண்டாம்.

எண்ணெய் சேரவேண்டிய இடங்கள் வழக்கமாக 9: மேசைத் தடத்தில் 2, இடைத்தட்டின் அடித் தடத்தில் 2, தூண் தடத்தில் 2, திருகாணி நட்டுகள் 3.

செய்முறை

1. மின்சாரத்தைத் துண்டித்துச் செருகியைக் கழற்றி வையுங்கள். கழற்றுமுன் ஒவ்வொரு பாகத்தையும் தாளில் வரைந்து இலக்கமிடுங்கள். மேசை பாரமானது, இருவர் சேர்ந்து தூக்கவேண்டும்.

2. தடங்களை மண்ணெண்ணெயால் கழுவித் துடையுங்கள். ஏற்கெனவே தேய்வோ கீறலோ உண்டா என்று பார்த்துக் குறித்து வையுங்கள்.

3. துளையிடும் இடத்தைத் தீர்மானியுங்கள். இங்கே ஒரே விதிதான்: துளையும் பள்ளமும் குட்டையான பாகத்திலேயே இருக்கவேண்டும். மேசை நீளமானது, இடைத்தட்டு குட்டையானது. ஆகவே இடைத்தட்டின் மேல்முகத்திலும் அடிமுகத்திலும் துளையிடுக. தூண் நீளமானது, ஆகவே அதில் சறுக்கும் தலைப்பகுதியில் துளையிடுக. குட்டையான பாகத்தின் முகம் எப்போதும் மூடப்பட்டிருக்கும். எனவே எண்ணெய் வீணாக வெளியே வராது. சீவலும் துளைக்குள் விழாது.

4. இடைத்தட்டின் பக்கத்திலிருந்து உள்நோக்கி 4 அல்லது 5 மில்லிமீற்றர் துளையும், தடத்தின் முகத்திலிருந்து அதனைச் சந்திக்கும் சிறு துளையும் இடவேண்டும். ஜிப் தகட்டின் ஆணிகளும் திருகாணியின் வழியும் எங்கே உள்ளன என்று முதலில் அளந்து பாருங்கள். வார்ப்பிரும்பை எண்ணெய் விடாமல் உலர்ந்தபடியே துளைக்கலாம். வெளி வாயில் குழாய் மூட்டுக்கு ஏற்ற புரி வெட்டுக. ஜிப் தகட்டில் துளையிட வேண்டாம்; அதனை இறுக்கும்போது துளை இடம் மாறிவிடும்.

5. தடத்தின் முகத்தில் துளையிலிருந்து இருபுறமும் எண்ணெய் பரவச் சிறு பள்ளம் வெட்டுக. ஆழம் 1 மில்லிமீற்றர், அகலம் 2 முதல் 3 மில்லிமீற்றர் போதும். பள்ளம் தடத்தின் ஓரத்துக்கு 6 மில்லிமீற்றராவது முன்பே நின்றுவிட வேண்டும். ஓரம்வரை வெட்டினால் அது வரம்பு உடைந்த பாத்தி. வெட்டியபின் பள்ளத்தின் கூர்விளிம்புகளை எண்ணெய்க் கல்லால் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள்.

6. வார்ப்பிரும்புத் தூள் ஒரு துகள்கூட உள்ளே இருக்கக்கூடாது. துளைகளை மண்ணெண்ணெய் பாய்ச்சிக் கழுவி, காற்றடித்து, மீண்டும் கழுவுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

7. குழாய்களைப் பூட்டுங்கள். நகரும் பாகத்துக்குச் செல்லும் குழாய்க்கு ஒரு வளையம் அளவு தாராளம் விடவேண்டும். எண்ணெய் நிரப்புமுன் மேசையையும் தலைப்பகுதியையும் இரு அந்தங்கள்வரை கையால் நகர்த்திப் பாருங்கள். குழாய் இழுபடவோ நசுங்கவோ கூடாது. சீவல் பறக்கும் பாதையில் குழாய் போகக்கூடாது.

8. தாங்கியை நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். கிளைக் குழாயின் முனையைத் திறந்து வைத்து, குமிழி இல்லாமல் எண்ணெய் வரும்வரை பம்பியை இழுத்து, பின்னர் அளவு முனையோடு பூட்டுங்கள்.

9. மேசையைத் திரும்பப் போடுமுன் சோதனை செய்யுங்கள். சிலமுறை இழுத்துவிட்டு, 9 இடத்திலும் எண்ணெய் கசிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்றிலே வராவிட்டால் அங்கே அடைப்பு உண்டு. மேசையைப் போட்டபின் இதனைக் காண முடியாது; ஆகவே அவசரம் வேண்டாம்.

எந்த எண்ணெய்?

சறுக்குத் தடங்களுக்கென்றே செய்யப்பட்ட, 68 என்று இலக்கமிட்ட எண்ணெய் மிகப் பொருத்தமானது. 40 பாகை செல்சியசில் அதன் பிசுக்குமையைக் குறிப்பதே அந்த இலக்கம். அது கிடைக்காவிட்டால் 68 இலக்க ஹைட்றோலிக் எண்ணெய் அடுத்தபடி. புதிய இஞ்சின் எண்ணெய் அவசரத்துக்கு உதவும். ஆனால் அதில் அழுக்கை மிதக்கவைக்கும் பொருள்கள் கலந்திருப்பதால் நெடுங்காலப் பாவனைக்கு ஏற்றதன்று.

மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கிய பழைய எண்ணெயை ஒருபோதும் பாவிக்க வேண்டாம். அதில் உலோகத் தூளும் அமிலமும் உண்டு. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசினாகி அளவு முனைகளை அடைத்துவிடும். கிறீஸ் இந்தக் குழாய்களினூடே செல்லாது. வெளியே பூசினாலோ சீவலைப் பிடித்துவைக்கும்.

பணம் போதாவிட்டால்

1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. இல்லாததை வைத்துக்கொண்டு இருப்பதை ஓட்டும் திறமை எம்மவருக்குப் புதிதன்று. முழுத் தொகுதியையும் ஒரே தடவையில் வாங்க முடியாதவர்கள் துளைகளையும் பள்ளங்களையும் குழாய்களையும் முதலில் அமைத்துக்கொள்ளலாம். பம்பிக்கும் பிரிகட்டைக்கும் அளவு முனைகளுக்கும் பதிலாக 20 மில்லிலீற்றர் ஊசிக்குழாய் ஒன்றினால் ஒவ்வொரு குழாயாக எண்ணெயைத் தள்ளலாம். ஒவ்வொரு இடத்துக்கும் நாமே அளந்து கொடுப்பதால் மடை தேவையில்லை. நேரம்தான் சற்றுக் கூடும். குழாயின் வாயை மூடிவைக்க மறக்கக்கூடாது. மருத்துவமனைச் சேலைன் குழாயைப் பாவிக்க வேண்டாம். எண்ணெய் பட்டு அது விறைத்துவிடும். கையில் பணம் சேரும்போது பம்பியையும் மற்றவற்றையும் வாங்கிப் பூட்டலாம். துளையும் பள்ளமும் அப்படியே பயன்படும்.

நாளாந்தப் பழக்கம்

காலையில் வேலை தொடங்குமுன் ஒருமுறை இழுக்கவும். உடனே மேசையையும் தலைப்பகுதியையும் அந்தம் முதல் அந்தம்வரை ஓட்டி எண்ணெயைப் பரப்பவும். நீண்ட வேலை என்றால் 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும் இழுக்கவும். தடத்தைத் தொட்டால் விரலில் மெல்லிய படலம் தெரிந்தால் போதும். வழிந்தோடினால் அளவு மிஞ்சிவிட்டது. மாலையில் சீவலைத் தூரிகையால் கூட்டுங்கள். காற்றடித்தால் சீவல் தடத்துக்குள் புகும்.

கூட்டாக நடத்தும் பட்டறைகளில் ஒரு ஆபத்து உண்டு. எல்லோருடைய இயந்திரமும் ஒருவருடைய இயந்திரமும் அல்லாமற் போய்விடும். இன்னொருவர் இழுத்திருப்பார் என்று ஐவரும் நினைத்தால் அன்று எவரும் இழுக்கவில்லை. எனவே இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு கொப்பி தொங்கட்டும். தேதி, இழுத்தவர் பெயர், தாங்கியின் மட்டம் என மூன்று நிரல் போதும். தாங்கியின் மட்டம் வழக்கத்தைவிட வேகமாகக் குறைந்தால் எங்கோ குழாய் கழன்றிருக்கிறது, குறையவேயில்லையென்றால் அடைப்பு. கொப்பி ஆளைக் குற்றம் பிடிப்பதற்கன்று, நோயை முன்கூட்டி அறிவதற்கே.

கழிவு எண்ணெயும் எமது கிணறும்

இந்தத் தொகுதியில் உள்ளே போன எண்ணெய் திரும்ப வராது. தடத்தை நனைத்துவிட்டு ஓரமாகக் கசிந்து கீழே வரும். அது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

எமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். குடிப்பதும் இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தங்கிய மழைநீரையே. வெடிப்புள்ள கல் வடிகட்டி ஆகாது. மேலே ஊற்றியது கீழே போகும். மருதனார்மடத்துக்குப் பக்கத்து ஊரான சுன்னாகத்தில் என்ன நடந்தது என்பதை நாம் அறிவோம். மின் நிலையத்தை அண்டிய பகுதிக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்து, மக்கள் தம் வளவுக் கிணற்றைப் பாவிக்க முடியாமற் போயிற்று. 2019 இல் உயர் நீதிமன்றம், அங்கு மின் உற்பத்தி செய்த நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. நட்டஈடு கிடைக்கலாம், பழுதான கிணறு பழையபடி ஆவது இலேசன்று.

பட்டறையின் எண்ணெய் அதனோடு ஒப்பிடச் சிறிதுதான். ஆனாலும் அது எமது கிணற்றுக்கு அருகில் சிந்துகிறது. ஆகவே இயந்திரத்தின் கீழே விளிம்புள்ள தகரத் தட்டு ஒன்று இருக்கவேண்டும். தட்டில் சேர்வதை மூடியுள்ள கொள்கலனில் சேர்த்து, கழிவு எண்ணெய் சேகரிப்போரிடம் கொடுங்கள். சிந்தியதை மரத்தூள் தூவி எடுங்கள். வேலிக் கட்டைக்குப் பூசுவதும் தெருத் தூசி அடங்க ஊற்றுவதும் கிணற்றுக்குள் ஊற்றுவதற்குச் சமமே. தோட்டத்தை இழந்த நாம் அயலாருடைய தோட்டத்துத் தண்ணீரைக் கெடுத்தவராகக் கூடாது.

நிறைவாக

1981 இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் தொழிலைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தொழிலின் நடுவில் மனிதனையே வைத்தார். இயந்திரம் மனிதனுக்குத் துணை. அவனுக்கு எசமான் அல்ல. துணையாய் வந்ததைப் பேணுவது அதனைப் பாவிப்பவரின் கடமை. நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியருள் ஐவரிடம் விளக்கு இருந்தது, எண்ணெய்தான் போதவில்லை. எமது பட்டறைகளிலும் இயந்திரம் இருக்கிறது. எண்ணெய் இருக்கிறதா என்று ஒவ்வொரு காலையும் பார்ப்போம்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. எமது பட்டறையில் உள்ள இயந்திரங்களில் எண்ணெய் போகாத இடங்கள் எவை? எவருக்காவது தெரியுமா?

2. கூட்டாக வாங்கிய பொருளைப் பேணும் பொறுப்பை நாம் எவ்வாறு பகிர்ந்திருக்கிறோம்?

3. எமது ஊரில் பழைய இஞ்சின் எண்ணெய் இப்போது எங்கே ஊற்றப்படுகிறது? அதிலிருந்து அருகிலுள்ள கிணறு எவ்வளவு தூரம்?

4. காணி திரும்பக் கிடைத்தால் நாம் கற்ற இத்தொழில் தோட்டத்துக்கு எவ்வாறு உதவும்?